கண்மாயில் கிடைத்த மடைப்பலகையைக் காயவைக்கலாமா?

மேலூர்க்காரன்:
எங்கள் கண்மாயைத் தூர்வாரியபோது பழைய மடையின் அடிச்சேற்றில் முழ நீளப் பலகை ஒன்று கிடைத்தது. இரண்டு இரும்பாணிகள் அதிலேயே இருக்கின்றன. அப்பா வெயிலில் சாத்தி வைத்தார்; மதியத்துக்குள் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. எண்ணெய் பூசலாமா?

வைகைக்கரை:
எண்ணெய் வேண்டவே வேண்டாம் தம்பி! உடனே தண்ணீருக்குள் போடுங்கள். நெடுங்காலம் ஊறிய மரத்தில் சத்து கரைந்துபோய், நீர்தான் உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கிறது. அது வற்றினால் பலகை கத்தரி வற்றலாகிவிடும். சுவீடனில் கடலடியில் மூழ்கிக் கிடந்து 1961-இல் மேலே தூக்கிய வாசா என்ற பழைய போர்க்கப்பலின் மீது பாலிஎத்திலீன் கிளைக்கால் (மரத்துக்குள் நீரின் இடத்தைப் பிடிக்கும் மெழுகு மாதிரிப் பொருள்) கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். நமக்கு மூன்று நாள் பொறுமை கிடையாது.

மேலூர்க்காரன்:
மாட்டுத்தொட்டியில் போட்டுவிட்டேன். அம்மா திட்டுகிறார்.

பழம்பொருள் பித்தன்:
தொட்டியை நிழலில் வையுங்கள். பாசி பிடித்தால் தண்ணீரை மாற்றுங்கள். ஆணியைப் பிடுங்காதீர்கள். கடல் இரும்பு என்றால் உப்பை வெளியேற்றவே மாதக்கணக்காகும். கண்மாய்ப் பொருளுக்கு அந்தத் தொல்லை குறைவு. தொல்லியல் துறைக்கும் வட்டாட்சியருக்கும் எழுதிப் போடுங்கள். கிடைத்த இடத்தைப் படம் எடுத்தீர்களா?

மேலூர்க்காரன்:
இல்லை ஐயா. பொக்லைன் அன்றைக்கே மண்ணை அள்ளிக் கரையில் கொட்டிவிட்டது.