இல்லம் தேடிக் கல்வி: திண்ணையிலும் வகுப்பறையிலும் பார்த்தவை

தன்னார்வலர் ஒருவர்:

கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அன்றைக்கு இரண்டாம் வகுப்பில் பேர் இருந்த பிள்ளைகள் அதற்கு முன்னால் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை. மூன்றாம் வகுப்புக்காரர்கள் ஒன்றாம் வகுப்பை முடிப்பதற்குள் பள்ளி மூடிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலேயே சொல்லித்தரும் அரசுத் திட்டமாக வந்ததுதான் ‘இல்லம் தேடிக் கல்வி’. அதில் நானும் சேர்ந்தேன். நான் பிளஸ் டூ முடித்தவள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அந்தப் படிப்பு போதும் என்றார்கள். மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் வகுப்பு, ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள், ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய். (அந்தத் தொகை கம்மி என்று இன்றைக்கும் சொல்வேன்.) இடம் எங்கள் வீட்டுத் திண்ணை. மழை வந்தால் கோயில் மண்டபம்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகத்தைத் திறந்தால் கடகடவென்று ஒப்பிப்பான். அவன் அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. பாடத்தில் வரும் ‘கொக்கு’ என்ற சொல்லை மட்டும் சிலேட்டில் தனியாக எழுதிக் காட்டினேன். ‘கெ’ என்றான். பக்கத்தில் துணைக்காலைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பாடம் முழுக்கக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தது!

புத்தகத்தை மூடி வைத்தோம். கொடி, கோழி, தோடு, சோறு என்று கொம்பும் காலும் சேர்ந்து வரும் சொற்களாகப் பொறுக்கி அட்டையில் எழுதினேன். அப்புறம் அவனாகவே சுவர் விளம்பரம், பஸ் பலகை என்று கண்ணில் பட்டதை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தான்.

கணக்கில் இன்னொரு கூத்து. 42-இல் 17 போனால் 35 என்று ஒரு பெண் எழுதுவாள். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளும் 7-இல் 2, 4-இல் 1 என்று சமர்த்தாகக் கழித்துவிட்டாள். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். ஒரு கட்டைப் பிரித்தால்தான் 7 குச்சி எடுக்க முடியும் என்பதை அவள் கையே கண்டுபிடித்துவிட்டது.

ஒரு அப்பா:

‘இலவசமா நடத்துறது எப்படி இருக்கும்?’ என்று நானும் பேசியவன்தான். ட்யூஷனுக்குக் கட்ட வழியில்லாமல்தான் பெண்ணை அனுப்பினேன். டீச்சரிடம் சந்தேகம் கேட்கக் கூச்சப்படுகிறவள், தெருவில் இருக்கிற அக்காவிடம் வாய் ஓயாமல் கேட்கிறாள்.

அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை:

2022-23இல், பிள்ளைகளை எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வைக்கும் அரசுத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வரை உள்ள வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கிறோம். அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. சரியான ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் இந்தப் பிரிப்பைத் தினமும் கட்டிக் காப்பது லேசு இல்லை. போனில் மதிப்பெண் ஏற்றும் வேலையும் கூடவே இருக்கிறது. ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை மலரு, எம்புள்ள மட்டும் ஏன் டீச்சர் அரும்பு?’ என்று சண்டைக்கு வரும் அம்மாக்கள் வேறு.

இல்லம் தேடிக் கல்வியின் மாலை மையம் எனக்குக் கைகொடுத்தது இங்கேதான். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்தத் தன்னார்வலரிடம் கொடுத்துவிடுவேன். அவர் திங்கட்கிழமை அதே தாளில் யார் தாண்டிவிட்டார்கள் என்று டிக் போட்டுத் திருப்பி அனுப்புவார். இதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை, நாங்களாகப் பேசி வைத்துக்கொண்டது. உங்கள் ஊரில் மையம் நடத்துகிறவரும் வகுப்பு ஆசிரியரும் இன்னும் பேசிக்கொள்ளவே இல்லை என்றால், முதலில் அதைச் செய்யுங்கள்.