அரிசி ஆலைக் கணக்கை கிளவுடுக்கு மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. மன்னார்குடி பக்கம் அப்பா நடத்தும் சின்ன அரிசி ஆலையில் கணக்கு வழக்கு நான் பார்க்கிறேன். இதுவரை எல்லாமே ஆபீஸில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில், டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான். ஐப்பசி மழையில் கூரை ஒழுகி ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் இரண்டு மாதம் பழசு. கணக்குப்பிள்ளை மாமா நனைந்த எடைச்சீட்டுகளைக் காயவைத்து, மை கலைந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, நான் திரும்ப ஏற்றினேன். நெல் போட்டவர் வாசலில் வந்து நிற்கும்போது அவருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்லத் தெரியாமல் நின்றது மனதை ரொம்ப வருத்திவிட்டது. ஜிஎஸ்டி கணக்கையும், ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமே.

சம்பா அறுவடைக்கு முன் கிளவுடுக்கு, அதாவது கணக்கை வெளி சர்வரில் வைத்து நெட் வழியே பார்க்கும் முறைக்கு, மாறிவிட நினைக்கிறேன். நெட்டிலேயே ஓடும் ஜோஹோ புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளைப் பார்த்தேன். டேலியையே வாடகை சர்வரில் ஓட்டலாம் என்கிறார் ஆடிட்டர். ஆலையிலோ உரக்கடையிலோ இவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள், எது சரிப்படும்?

பெரிய பயம் நெட்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் பல நாள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பில் போட்டு, நெட் வந்தபின் ஏற்ற என்ன செய்கிறீர்கள்? அப்புறம், லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீத வரி, 26 கிலோ பைக்கு இல்லை. இதை எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள்? மாமாவுக்குத் தமிழில் திரை வேண்டும். சந்தாவை நிறுத்தினால் பழைய கணக்கு முழுவதையும் இறக்கிக்கொள்ள முடிந்ததா என்பதையும் அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.