மியூசிக் சர்வருக்குத் தமிழ்: வழங்கியா, விளம்பியா, பாட்டுப்பெட்டியா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குள் மியூசிக் சர்வருக்கு எனக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். திங்களன்று இரண்டு பக்கக் கையேடு அச்சகம் போகிறது.

எங்கள் வாசகசாலையில் பாட்டுக் கேட்க ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம். அங்கத்தினர்கள் கொடுத்த குறுந்தகடுகளை எல்லாம் ஃபிளாக் என்ற வகை ஒலிக்கோப்புகளாக மாற்றியாகிவிட்டது. செம்பை, பாலக்காடு மணி ஐயர், எம்.டி. ராமநாதன் என்று எங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கர்நாடக இசைக்கலைஞர்களின் தகடுகளே ஓர் அலமாரி நிறைய இருந்தன. கேட்க வருபவர்களில் பெரும்பாலோர் தமிழ் மீடியத்தில் படித்த முதியவர்கள். மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், வாசிக்க மட்டும் தமிழ்தான் வேண்டும்.

அமைப்பு இது. விசிறி இல்லாத ஒரு சிறு கணினி, அதற்குப் பாட்டைத் தவிர வேறு வேலை இல்லை. உள்ளே ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். ஃபிளாக் அதில் எதையும் இழக்காமல் ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கிவிடுவதால் 2,000 தகடுகளுக்கு மேல் கொள்ளும். கணினியிலிருந்து ரூட்டருக்கு ஈதர்நெட் கம்பி, டாக்குக்கு, அதாவது எண்களை ஒலி மின்குறிப்பாக மாற்றும் கருவிக்கு, யூ.எஸ்.பி. கம்பி. டாக்கிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயருக்கு. பாட்டைத் தேர்ந்தெடுப்பது மட்டும் கைப்பேசியில்.

இங்கேதான் சிக்கல். பாட்டு கைப்பேசியிலிருந்து வருவதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். "போன் வந்தால் பாட்டு நின்றுவிடுமா?" என்று கேட்கிறார்கள். ஒலி கைப்பேசி வழியாகப் போவதே இல்லை. பாட்டைத் தருவது மூலையில் இருக்கும் அந்தக் கணினி என்பது பெயரைக் கேட்டதும் விளங்க வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து

சர்வருக்கு "வழங்கி" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, "சேவையகம்" என்பாரும் உண்டு. இசை வழங்கி என்று போடுங்கள். புதிதாகத் தேட வேண்டியதில்லை.

நாகர்கோவிலிலிருந்து

இருக்கிற சொல்லையே எழுதுவதென்றால் இந்தக் கலைச்சொல் குழு எதற்கு, அண்ணாச்சி?

எங்கள் பக்கம் சோறு பரிமாறுவதை "விளம்புவது" என்போம். மலையாளத்திலும் விளம்புக என்றால் அதுவேதான். இலக்கியத் தமிழில் விளம்புதல் என்றால் எடுத்துச் சொல்லுதல், வெளிப்படுத்துதல். கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துத் தருவதும் ஒலியாக வெளிப்படுத்துவதும் ஒரே வினைக்குள் அடங்கிவிட்டன. ஆகவே இசைவிளம்பி. கொழிஞ்சாம்பாறை முதியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், பந்தியில் உட்கார்ந்த எவருக்கும் புரியும்.

செங்கோட்டையிலிருந்து

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் சில.

வழங்கி, விளம்பி இரண்டிலும் உள்ள "இ" வினைமுதற்பொருள் விகுதி. ஆனால் இரண்டுமே வினையெச்சமாகவும் வரும். "இசை வழங்கி ரூட்டரோடு இணைக்கப்பட வேண்டும்" என்று அச்சிட்டால், இசையை வழங்கிவிட்டுப் பிறகு எதையோ இணைக்க வேண்டும் என்று வாசிப்பவர் உண்டு. இடைவெளி விடாமல் சேர்த்தெழுதுங்கள். முடிந்த இடத்தில் எல்லாம் வேற்றுமை உருபு ஏற்றி, "இசைவழங்கியை இணைக்கவும்" என்று வாக்கியத்தையே திருப்பிவிடுங்கள்.

அடுத்து, "இசை" என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். இசைதல் உடன்படுதல், பொருந்துதல். இயைதலுக்குப் பக்கத்துச் சொல். கருவியோடு கருவி பொருந்துவது என்ற கருத்து அதில் ஏற்கெனவே இருக்கிறது. சிலம்பின் அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழ், யாழின் வழித் தண்ணுமை, அதன் பின் முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை என்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கணினி, டாக், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று நீங்கள் எழுதிய வரிசையும் அப்படித்தான் நிற்கிறது. முன்னது பிசகினால் பின்னது என்ன செய்யும்? ஆகவே முதனிலை இசைக்கருவி என்று ஒரு சொல்லையும் முன்வைக்கிறேன். சேரர்குடிப் பிறந்தவர் என்று நாம் போற்றும் இளங்கோவின் காப்பியத்திலிருந்து பாலக்காட்டுக்கு ஒரு சொல் போவது எனக்கு நிறைவு தரும்.

கல்பாத்தியிலிருந்து

புலவர் ஐயா, முதனிலை இசைக்கருவி என்றால் எங்கள் தெருவில் தம்புராவைத்தான் நினைப்பார்கள்.

விளம்பிக்கும் ஒரு தடை உண்டு. சங்கீதம் தெரிந்தவர் காதில் "விளம்ப" என்று விழுந்தால் விளம்ப காலம்தான் நினைவுக்கு வரும், அதாவது மெதுநடை. அறையில் இருப்பதோ எம்.டி. ராமநாதனின் பாட்டு. விளம்ப காலத்துக்கே பெயர் பெற்றவர் அவர். "இசைவிளம்பியில் ராமநாதன்" என்று எழுதினால், கருவி மெதுவாக ஓட்டுகிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். போதாததற்கு அறுபது வருஷங்களில் விளம்பி என்றும் ஒன்று இருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து

அந்த விளம்பம் வடசொல், என் விளம்புதல் தமிழ்ச்சொல். வடசொல் ஒன்று ஒலியில் ஒத்திருக்கிறது என்பதற்காக நம் சொல்லை விட்டுக்கொடுக்க முடியாது.

நகரியிலிருந்து

விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை அண்ணா, படிக்கிறவரைப் பாருங்கள் என்கிறோம். எங்கள் பக்கம் விளம்புவது என்றால் யாருக்கும் சோறு ஞாபகம் வராது. பரிமாறுவது என்போம், தெலுங்கில் வட்டிஞ்சடம். எல்லைக்கு எல்லை சொல் மாறும்போது "சர்வர்" ஒன்றுதான் மூன்று பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்றபடி மாற்றி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறார். மியூசிக் சர்வரை அப்படி எடுத்துக்கொண்டால் என்ன குறை?

ஸ்ட்ரீமிங்குக்கு யாராவது "தாரை" என்று சொல்வதற்குள் ஒன்று: இங்கே தாரை என்றால் திருவிழாவில் ஊதும் நீண்ட கொம்பு. இசைத்தாரை என்று எழுதினால் கொம்பைத்தான் தேடுவார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து

சொல்லுக்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். கோப்புகளைச் சேமித்து, பட்டியலிட்டு, கேட்டபோது அனுப்புவது சர்வர். அதை வாங்கி டாக்குக்குத் தருவது ஸ்ட்ரீமர். இந்த அறையில் ஒரே பெட்டி இரண்டு வேலையையும் செய்கிறது. நாளைக்குப் பக்கத்து அறைக்கு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று வாங்கினால் அது ஸ்ட்ரீமர் மட்டும்தான், சர்வர் பழைய இடத்திலேயே இருக்கும். முதனிலை இசைக்கருவி இந்தப் பிரிவைத் தாங்காது. வழங்கி தாங்கும், விளம்பியும் தாங்கும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஆம்ப்ளிஃபயரில் ஹம் என்ற இரைச்சல் கேட்டால், டாக்கிலும் கணினியிலும் ஒளியிழை வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒளியிழையில் மின்தொடர்பு இல்லாததால் எர்த் வழியாக வரும் ஹம் அந்த இடத்தில் அறுந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

ஹம் இருந்தது. ஒளியிழைக்கு மாற்றினேன், போய்விட்டது. மிக்க நன்றி.

நேற்று மாலை அறைக்கு வந்தவர்களிடம் மூன்று சொற்களையும் தாளில் எழுதிக் காட்டினேன். விளம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, ஆனால் அதை அந்தக் கணினியோடு யாரும் சேர்க்கவில்லை. வழங்கியை மரியாதையோடு ஏற்றார்கள். ஒரு பாட்டி மட்டும் மூலையைக் காட்டி, "பாட்டுப்பெட்டின்னு எழுதுறதுதானே?" என்றார். மலையாளத்திலும் அது பாட்டுப்பெட்டிதான்.

செங்கோட்டையிலிருந்து

கிராமபோனும் பாட்டுப்பெட்டி, வானொலியும் பாட்டுப்பெட்டி, ஸ்பீக்கரையும் பெட்டி என்கிறோம். கலைச்சொல் ஒன்றைக் குறிக்க வேண்டும், நான்கைக் குறித்தால் அது வெறும் வழக்குச்சொல்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

ஐயா சொல்வது சரி. ஆனால் போன் வந்தால் பாட்டு நிற்குமா என்ற கேள்விக்கு அந்தப் பாட்டியின் சொல்தான் பதில் சொல்கிறது. பாட்டு பெட்டியில் இருக்கிறது, போனில் இல்லை.

கையேட்டுக்குள் "இசைவழங்கி", சேர்த்தெழுதி, உருபோடு. கணினியின் மேல் ஒட்டும் சீட்டில் "பாட்டுப்பெட்டி". ஐந்து பேர் சரி என்று தனிமடல் அனுப்பிவிட்டார்கள். ஸ்ட்ரீமருக்குச் சொல் இன்னும் வரவில்லை, இந்தப் பதிப்பில் ஸ்ட்ரீமர் என்றே இருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து

எனக்கு உடன்பாடு இல்லை என்பதைப் பதிந்துவைக்கிறேன். எல்லையின் இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கிற வினையை விட்டுவிட்டோம். ராஸ்பெர்ரி பை வாங்கும்போது சொல்லுங்கள், ஸ்ட்ரீமருக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது.