அவசரம்: ரிச் டெக்ஸ்ட் பாக்ஸில் சேமித்த தமிழ் எல்லாம் கேள்விக்குறி ஆகிறது

நோட்டீஸ்காரன்: வணக்கம் நண்பர்களே. ஒரு வக்கீல் ஆபீஸுக்கு நோட்டீஸ் தயாரிக்கிற மென்பொருள் செய்கிறேன். போல்ட், அடிக்கோடு வேண்டும் என்றார்கள், ரிச் டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்தேன். டைப் அடிக்கும்போது தமிழ் நன்றாகத் தெரிகிறது. சேமித்துவிட்டுத் திறந்தால் ஒரே ????. நாளைக்குக் காட்டியாக வேண்டும்.

நுனிப்புல்: திரை செய்தது வின்ஃபார்ம்ஸிலா, டபிள்யூபிஎஃபிலா? டாட்நெட் எந்தப் பதிப்பு? சேமிப்பது கோப்பிலா, டேட்டாபேஸிலா?

செல்வா_77: ஃபான்ட்தான், சந்தேகமே வேண்டாம். விண்டோஸ் 10-இல் லதா ஃபான்ட் தமிழ் மொழியைச் சேர்த்தால்தான் வரும். நிர்மலா யுஐ வைத்துப் பாருங்கள்.

நுனிப்புல்: ஃபான்ட் இல்லையென்றால் கட்டம் கட்டமாகத் தெரியும். கேள்விக்குறி வந்தால் எழுத்தே போய்விட்டது செல்வா.

பழைய_விபி: இங்கே தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கிற பழக்கம் ஒருவருக்கும் கிடையாது. தம்பி, டெக்ஸ்ட் ப்ராப்பர்ட்டியைத்தானே சேமிக்கிறீர்கள்? போல்டும் போயிருக்குமே, அதை ஏன் சொல்லவில்லை? போல்ட், அடிக்கோட்டோடு சேர்த்துத் தரும் ஆர்டிஎஃப் ப்ராப்பர்ட்டியை எடுங்கள். அரிச்சுவடி இது.

மின்மினி: இன்னுமா ரிச் டெக்ஸ்ட் பாக்ஸ்? மென்பொருளுக்குள் உலாவியைப் பதிக்கும் வெப்வியூ2-வில் குவில் என்ற வலை எடிட்டரைப் போட்டால் வேலை முடிந்தது.

பழைய_விபி: ஒரு போல்டுக்கு முழு குரோமியமா? வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்ததுண்டா? விண்டோஸ் 7 என்றால் வெப்வியூ2 109-ஆம் பதிப்போடு நின்றுவிடும்.

மின்மினி: வேர்டிலிருந்து ஒரு டேபிளை உங்கள் பாக்ஸில் ஒட்டிவிட்டு வந்து பேசுங்கள்.

பழைய_விபி: டாட்நெட் 4.7 முதல் ரிச் டெக்ஸ்ட் பாக்ஸ் ஓடுவது எம்எஸ்எஃப்டிஎடிட் என்ற புதிய டிஎல்எல்லில். டேபிள் ஓரளவு ஒழுங்காகவே வரும்.

மின்மினி: ஓரளவு!

நோட்டீஸ்காரன்: வின்ஃபார்ம்ஸ், 4.8, எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ், நெடுவரிசை வகை வார்சார். போல்டும் போகிறது, ஆமாம். ஆர்டிஎஃப் போட்டுப் பார்த்தேன், டேட்டாபேஸ் டேபிளில் அப்பவும் கேள்விக்குறி இருக்கிறதே?

நுனிப்புல்: அதற்கு முன்னால் என்ன இருக்கிறது?

நோட்டீஸ்காரன்: பின்சாய்கோடு, யு, 2949, அப்புறம் கேள்விக்குறி. வரி முழுக்க இதே மாதிரி, எண் மட்டும் மாறுகிறது.

நுனிப்புல்: அப்படியானால் சரியாகத்தான் இருக்கிறது. 2949 என்பது 'அ'வின் யூனிகோட் எண். பின்னால் வரும் கேள்விக்குறி யூனிகோட் தெரியாத பழைய மென்பொருள்களுக்காக. இந்த ஆர்டிஎஃப் வெறும் ஆஸ்கிதான் (ஆங்கில எழுத்து, எண், குறிகள்), பொதுவாகத் தமிழைத் தாங்காத வார்சாரே இதைத் தாங்கும். ஆனால் ஓர் எழுத்துக்கு ஏழு இடம் பிடிக்கும், அதனால் நெடுவரிசை நீளத்தை மேக்ஸ் என்று வையுங்கள். கட்சிக்காரர் பெயரைத் தேட வேண்டியிருந்தால் டெக்ஸ்டையும் தனியாக, யூனிகோட் தாங்கும் ஒரு என்வார்சார் நெடுவரிசையில் போடுங்கள், ஆர்டிஎஃபில் தமிழைத் தேடினால் கிடைக்காது. ஏற்கனவே ???? ஆனவை திரும்ப வராது, மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

செல்வா_77: எதற்கும் நிர்மலா யுஐயும் வைத்துப் பாருங்கள்.

நோட்டீஸ்காரன்: வந்துவிட்டது, நன்றி அண்ணா. இதில் பிரிண்ட் எடுக்க என்ன மெத்தட்?

பழைய_விபி: கிடையாது. ஈஎம்_ஃபார்மட்ரேஞ்ச் என்ற விண்டோஸ் மெசேஜைத் தேடுங்கள். இந்தத் தடவையாவது தேடுங்கள்.