அப்பாவின் கடைசி போனை கட் பண்ணிட்டேன், மனசு ஆறவே இல்லை

முத்துநகர்க்காரன்:
ஊர் தூத்துக்குடி. 2019-இல் குவைத்தில் இருந்தேன். கடன் விஷயமா அப்பாவோட சண்டை. ராத்திரி அவர் கூப்பிட்டார், கோபத்தில் கட் பண்ணிட்டேன். விடியறதுக்குள்ள போயிட்டார். ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செஞ்சாச்சு. கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் மெழுகுதிரி ஏத்துறேன். ஆனா ராத்திரி போன் அடிச்சா இன்னும் கை நடுங்குது. மன்னிப்பு கிடைச்சிருச்சுன்னு எப்படி நம்புறது?

மரியா அக்கா:
தம்பி, பைபிள்ல யோவான் 21-ஆம் அதிகாரம் வாசிங்க. சீடர் பேதுரு, இயேசுவைத் தெரியாதுன்னு மூணு தடவை மறுதலிச்சது கரி நெருப்புல குளிர்காயும்போது. உயிர்த்த இயேசு கரையில மீன் சுட்டு வச்சதும் கரி நெருப்புலதான். அந்தப் புகை வாசனையிலேயே பேதுருவை உட்கார வச்சு 'என்னை நேசிக்கிறாயா'ன்னு மூணு தடவை கேட்கிறார். ஏன் மறுதலிச்சேன்னு ஒரு வார்த்தை கேட்கலை. ஆடுகளை மேய்க்கச் சொல்றார், அவ்வளவுதான். அம்மா இருக்காங்களா?

கடலோரம்:
இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினான், அதுக்கு வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்தான். ஆனா தனியாப் போயிட்டான். பேதுரு மத்த சீடர்களோடயே இருந்தார். நீங்க தனியா இருக்காதீங்க அண்ணே.

முத்துநகர்க்காரன்:
அம்மாகிட்ட இப்பதான் பேசினேன் அக்கா. அப்பா அன்னிக்கு எதுக்குக் கூப்பிட்டார்னு முதல்தடவையா கேட்டேன். "நீ சாப்பிட்டியான்னு கேக்கத்தான்"னாங்க. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் அழுதோம்.