மூன்றே குழந்தைகள், மல்டிபிள் பேஸ்லைன்: குலுக்கலை எங்கே வைப்பது?

கேள்வி

ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகளுக்கு, வேண்டியதைப் பட அட்டை கொடுத்துக் கேட்கப் பழக்கும் பயிற்சி. 20 நிமிட அமர்வில் தானாக எத்தனை முறை கேட்கிறார்கள் என்று எண்ணப் போகிறோம். ஆளுக்கு 20 அமர்வு. பயிற்சியை 6, 10, 14ஆம் அமர்வுகளில் ஒருவர் பின் ஒருவராகத் தொடங்குவதாகத் திட்டம். பயிற்சிக்கு முந்தைய கட்டம் (பேஸ்லைன்) இப்படி ஆளுக்கு ஆள் வேறு நேரத்தில் முடிவதுதான் மல்டிபிள் பேஸ்லைன். யார் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் ரேண்டமைசேஷன் (தற்செயலாக ஒதுக்குவது) ஆகிவிடுமா? விழுந்த குலுக்கலின் விடையை, விழுந்திருக்கக்கூடிய மற்றக் குலுக்கல்களின் விடைகளோடு ஒப்பிடும் ரேண்டமைசேஷன் டெஸ்டுக்கு அது போதுமா?

பதில் 1

ரேண்டமைசேஷன்தான், ஆனால் டெஸ்டுக்குப் போதாது. மூன்று பேரை வரிசைப்படுத்த 6 வழிதான் உண்டு. பி மதிப்பு என்பது, பயிற்சிக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் குலுக்கலில் தற்செயலாக வரும் வாய்ப்பு; வழக்கமாக அது 0.05க்குள் இருக்க வேண்டும். பயிற்சி எவ்வளவு அற்புதமாக வேலை செய்தாலும் இங்கே அது 1/6, அதாவது 0.167க்குக் கீழே இறங்காது. நான்காவதாக ஒரு குழந்தை சேர்ந்தால் 24 வழி, 0.042. அப்போதும் உங்களுக்கு விழுந்த வரிசை மற்ற 23ஐயும் முந்தினால்தான் 0.05க்குக் கீழே வர முடியும்.

குழந்தைகளைக் கூட்ட முடியாதென்றால் தொடங்கும் அமர்வையும் குலுக்கலில் விடுங்கள். கோலர், லெவின் என்ற ஆய்வாளர்கள் 1998இல் சொன்ன முறை இது. முதல் இடத்துக்கு 6, 7, 8. இரண்டாம் இடத்துக்கு 10, 11, 12. மூன்றாம் இடத்துக்கு 14, 15, 16. எந்தக் குழந்தைக்கு எந்த இடம் என்று ஒரு குலுக்கல். பிறகு ஒவ்வோர் இடத்திலும் மூன்றில் எந்த அமர்வு என்று இன்னொன்று. 6 × 3 × 3 × 3 = 162 வழிகள். 16இல் தொடங்கினாலும் கடைசிக் குழந்தைக்குப் பயிற்சிக் கட்டத்தில் 5 அமர்வு மிஞ்சும்.

குலுக்கல் முதல் அமர்வுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தரவு எடுக்காத ஒருவர் குலுக்கி, தேதி போட்டு எழுதி வைக்கட்டும். எக்செல்லில் ரேண்ட்பிட்வீன் (RANDBETWEEN) என்ற தற்செயல் எண் சூத்திரம் போட்டால் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் எண் மாறிவிடும். வந்த எண்ணை உடனே வெறும் மதிப்பாக ஒட்டிவிடுங்கள்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு குழந்தைக்கும் பயிற்சிக் கட்டச் சராசரியிலிருந்து பேஸ்லைன் சராசரியைக் கழித்து, மூன்று பேருக்கும் சேர்த்துச் சராசரி எடுங்கள். தரவை அசைக்காமல், விழுந்திருக்கக்கூடிய 162 குலுக்கல்களுக்கும் அதே கணக்கைப் போடுங்கள். உண்மையில் விழுந்ததற்குச் சமமாகவோ கூடுதலாகவோ எத்தனை வருகிறதோ, அதை 162ஆல் வகுத்தால் பி மதிப்பு. உண்மையில் விழுந்ததும் அந்த எண்ணிக்கையில் சேரும். 8 வரை வந்தால் 0.049.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஆனால் பேஸ்லைன் ஏறிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். ஒரு குழந்தை பயிற்சியே இல்லாமல் அமர்வுக்கு ஒன்று வீதம் ஏறுகிறது என்று வையுங்கள்: 1, 2, 3 என்று 20 வரை. எந்த அமர்வில் பிரித்தாலும் இரண்டு சராசரிகளுக்கும் வித்தியாசம் சரியாக 10தான். எல்லாக் குலுக்கலும் ஒரே விடை தருவதால் டெஸ்ட் ஏமாறாது. இதே தரவை, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் வழக்கமான டி-டெஸ்டில் போட்டால் பயிற்சி பலித்துவிட்டது என்று பொய் சொல்லும். ஆனால் மறுபக்கம், ஏற்றத்தின் மேல் உண்மையான பலன் வந்தாலும் வரைபடத்தைக் கண்ணால் பார்த்து அதைப் பிரித்தறிவது கடினம்.

அதனால்தான் பலர் பேஸ்லைன் நிலைப்படும்வரை காத்திருந்து தொடங்க நினைக்கிறார்கள். காத்திருக்கலாம், ஆனால் குலுக்கலை விட்டுவிடாமல். யாருக்குப் பயிற்சி தொடங்கியது என்று தெரியாத ஒருவர் வரைபடங்களைப் பார்த்து, 'அடுத்தவரைத் தொடங்கலாம்' என்று மட்டும் சொல்லட்டும். அந்த அடுத்தவர் யார் என்பதைச் சீட்டு சொல்லட்டும். கடைசியில், வரைபடம் பார்த்தவர் அதை மட்டும் வைத்து, குழந்தைகளுக்கு எந்த வரிசையில் பயிற்சி தொடங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். இங்கே மறுபடியும் மூன்று பேருக்கு 6 வழிதான். நான்கு பேராவது இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

கேட்டவர்

162 வழி முறையையே எடுத்துக்கொள்கிறோம். பயிற்சி தொடங்க வேண்டிய நாளில் குழந்தை வராவிட்டால்? பலன் தெரியவே இரண்டு மூன்று அமர்வு ஆகுமே, அதை என்ன செய்வது?

பதில் 3

குலுக்கலைத் தேதிக்குக் கட்டாமல் அந்தக் குழந்தையின் அமர்வு எண்ணுக்குக் கட்டுங்கள். 11 என்று விழுந்திருந்தால், அது என்றைக்கு நடந்தாலும் 11தான். முதல் இடத்துக் குழந்தை நீண்ட விடுப்பில் போனால் மட்டும் மற்றவர்களின் அமர்வையும் நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் மூவரும் ஒரே வாரத்தில் தொடங்கி, மல்டிபிள் பேஸ்லைனுக்கே பொருளில்லாமல் போகும். 'இன்று அழுகிறான், நாளைக்குத் தொடங்கலாம்' என்று ஒரே ஒரு முறை தள்ளினாலும் 162 என்ற கணக்கு செல்லாது. நடைமுறையில் மிக அதிகமாக உடைவது இந்த இடம்தான். பயிற்சி தருபவருக்கு இதை எழுத்தில் கொடுங்கள்.

தாமதப் பலனுக்கு, பயிற்சிக் கட்டத்தின் முதல் 2 அமர்வுகளைச் சராசரியில் சேர்ப்பதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். 162 பிரிப்பிலும் அதே விதி ஓட வேண்டும். 16இல் தொடங்கும் குழந்தைக்கு அப்போது 3 அமர்வுதான் மிஞ்சும், ஆகவே மொத்தத்தை 22 ஆக்குங்கள். வரைபடத்தைப் பார்த்த பிறகு இந்த முடிவை எடுத்தால் பி மதிப்புக்கு அர்த்தமே இல்லை.