சால்வர் 1.5 பம்ப் என்கிறது, என்ன செய்வது?

கேள்வி:
வால்வு ஒன்றுக்கு லாபம் 5, பம்புக்கு 4. வால்வுக்கு 6 மணி இயந்திர நேரமும் 1 வார்ப்பும் வேண்டும்; பம்புக்கு 4 மணி, 2 வார்ப்பு. கையில் 24 மணி, 6 வார்ப்பு. எக்செல் சால்வரில் (வரம்புகளுக்குள் அதிக லாபம் தரும் எண்களைத் தேடும் கருவி) நேர்கோட்டுக் கணக்குக்கான சிம்ப்ளெக்ஸ் முறையைப் போட்டால் வால்வு 3, பம்ப் 1.5, லாபம் 21. அரை பம்ப் செய்ய முடியாதே, 1 ஆகக் குறைத்துக்கொள்ளலாமா? இயந்திர மணிக்கு நிழல் விலை (ஒரு மணி கூடினால் கூடும் லாபம்) 0.75 வருகிறது. வெளியே மணிக்கு 0.6 வாடகை. 3 மணி எடுக்கலாமா?

பதில் 1:
குறைக்காதீங்க. 3 வால்வு, 1 பம்ப், அதாவது (3, 1), தருவது 19தான். கூட்டி (3, 2) என்றால் 26 மணி, 7 வார்ப்பு, இரண்டுமே மீறுது. சரியான முழு எண் விடை (4, 0), லாபம் 20. பின்ன விடைக்குப் பக்கத்திலேயே தேடியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. இரண்டு மாறிகளுக்கும் 'இன்ட்' (முழு எண் மட்டும்) கட்டுப்பாடு கொடுங்க. ஆப்ஷன்ஸில் முழு எண் உகப்பு சதவீதம் 1 என்று இருக்கும், அதை 0 ஆக்குங்க. இல்லையென்றால் சிறந்த விடைக்கு 1 சதவீதத்துக்குள் வந்ததுமே நின்றுவிடும்.

பதில் 2:
வாடகைக்கு வருவோம். 0.75 என்பது பின்னம் அனுமதித்த கணக்குக்கு மட்டும். அங்கே 12 முதல் 36 மணி வரை அது செல்லும். முழு எண்ணில் 25, 26, 27 மணி கொடுத்தாலும் லாபம் 20லேயே நிற்கும். 28 ஆனதும் (4, 1), லாபம் 24. ஆக 3 மணி எடுத்தால் 1.8 தண்டம், 4 மணி எடுத்தால் 2.4 போக 1.6 மிச்சம். 'இன்ட்' போட்டபின், நிழல் விலை தரும் உணர்திறன் அறிக்கையை நம்ப வேண்டாம். மணியை ஒவ்வொன்றாகக் கூட்டி மறுபடி ஓட்டிப் பார்ப்பதே வழி.

கேட்டவர்:
நன்றி. வால்வு செய்தால் மட்டும் செட்டப் செலவு 3 உண்டு. அதற்கு இஃப் (நிபந்தனை) சூத்திரம் போட்டால் சால்வர் நேர்கோட்டுத்தன்மை இல்லை என்று மறுக்கிறது.

பதில் 2:
இஃப் வேண்டாம். 0 அல்லது 1 மட்டும் எடுக்கும் ச என்ற மாறி சேர்த்து, லாபத்தில் 3ச கழித்து, வால்வு ≤ 4ச என்று எழுதுங்க; ச 0 என்றால் வால்வும் 0. 4 ஏன்? 24 மணிக்கு அதற்கு மேல் வால்வு வராது. 28 மணிக்கும் 4 போதும். 30 தொட்டால் 5 ஆக்கணும். 4க்குப் பதில் 'பெருசா இருக்கட்டும்' என்று 10,00,000 போடுபவர்கள்தான் அதிகம். ச 0.00001 ஆக இருப்பதை சால்வர் 0 என்றே ஏற்றுக்கொண்டால், செட்டப் கட்டாமலேயே 10 வால்வு வரை கதவு திறந்துவிடும்.